இரண்டாம் நம்பர் தூங்குகிறது

ரங்கநாயகிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்பவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. நுனியில் மட்டும் இல்லை, ஆள் முழுக்கவே அதுதான். தென்னூரில் அவள் நடத்தும் மெஸ்ஸுக்கு வருகிற மருந்துக் கம்பெனிப் பையன்களும், தில்லை நகர் ஆஸ்பத்திரிகளில் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் வெளியூர்க்காரர்களும் முதல் வேளையிலேயே இதைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் திட்டு. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் திட்டு. ரசம் நன்றாக இருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், அப்படியென்றால் சாம்பார் நன்றாக இல்லையா என்று அதற்கும் ஒரு திட்டு. ஆனாலும் கூட்டம் குறைந்ததில்லை. திட்டோடு சேர்ந்து கேட்காமலே இன்னொரு கரண்டி சோறும் வந்து விழும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நாள் முழுக்க அடுப்படிக்கும் பந்திக்கும் நடப்பது நடையில்லையா என்று டாக்டரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மகன் ஜெயக்குமார் விடவில்லை. வாய்க்கால் கரையில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் மெஸ் திறப்பதற்குள் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

அந்தப் பக்கம் அவள் வந்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பிறந்து பத்து வயதுவரை வளர்ந்த இடம் அது. நாலு கண் மதகும், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களுக்கு அதை ஒட்டிக் கட்டிக் கொடுத்த இரண்டு ஓட்டு வீடுகளும் இருந்த இடத்தில் இப்போது பூச்செடியும் சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. தில்லை நகர் ஆட்கள் விலை உயர்ந்த செருப்பும் காதில் ஒயருமாகக் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். மதகு மட்டும் அப்படியே நின்றது. அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்திருந்தார்கள். ‘வியக்க வைக்கும் திருச்சி: உங்களுக்குத் தெரியாத இருபது தகவல்கள்’ என்று தலைப்பு. கீழே, காவிரிக்கரை வரலாற்று மன்றம், திருவரங்கம்.

எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் நன்றாகவே வாசிப்பாள், நிதானமாக வாசிப்பாள். மலைக்கோட்டைப் பாறை இமயமலையைவிட வயதில் மூத்தது என்றது போர்டு. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் சீமைக் கடைகளில் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே விற்றது. பொன்மலை ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தது. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவதில் இந்த ஊர் நாடறிந்த பெயர் வாங்கியது. அந்த வரியைப் படித்ததும் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அந்தச் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவள் அவள். சாணைச் சக்கரத்தில் தேய்ந்த விரல் நுனியில் இன்றைக்கும் ரேகை சரியாக விழாது. ரேஷன் கடை மிஷின் அவளை அவள்தான் என்று ஒத்துக்கொள்வதற்குள் அரை மணி நேரம் ஆகும். அதைப் பற்றி ஒரு தகவலும் போர்டில் இல்லை.

பதினேழாவதுக்கு வந்தாள்.

‘1977 பெருவெள்ளத்தின்போது இந்த மதகில் பணியிலிருந்த இரண்டாம் லஸ்கர் வீரமலை உறங்கிவிட்டதால் செக்கடித் தோப்புக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு மனிதரின் தூக்கம் ஒரு தெருவையே மூழ்கடித்தது!’

பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தார்கள். காக்கி அரைக்கால் சட்டை போட்ட குண்டு ஆள் ஒருவர் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார். வாயிலிருந்து எழுத்து எழுத்தாகக் குறட்டை பறக்கிறது. கட்டிலைச் சுற்றித் தண்ணீர், தண்ணீரில் ஓர் ஆடு. நடக்க வந்த ஒரு பெண் தன் பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீரமலை ரங்கநாயகியின் அப்பா. குண்டாக இருந்ததே இல்லை, முருங்கைக்காய் மாதிரி இருப்பார். அவளுக்கு உச்சந்தலையில் சூடேறியது. உறங்கிவிட்டார் என்று எழுதியதைக்கூட விட்டுவிடலாம். அந்த வரியின் கடைசியில் போட்டிருந்த ஆச்சரியக்குறியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. யாருக்கு இதில் என்ன ஆச்சரியம்?

வீட்டுக்கு வந்து மகனிடம் குதித்தாள். அந்தப் போர்டை இப்போதே போய்ப் பிடுங்கிப் போடு என்றாள். ஜெயக்குமார் பொறுமைசாலி, இவளுக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் வேறு எப்படி இருக்க முடியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“நீயே அப்படித்தானேம்மா சொல்லிக்கிட்டு இருந்த, தாத்தா தூங்கிட்டாருன்னு.”

“நான் சொல்லலாம். அவரு எனக்கு அப்பா. இவனுங்க யாரு?”

அவன் சொன்னது பொய்யும் இல்லை.

லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று அளவுகோலைப் பார்த்துச் சொல்வது, மேலே இருந்து உத்தரவு வந்தால் மதகின் கதவான ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையில் மாடு மேய்கிறவனைத் துரத்துவது. நாலு கண் மதகுக்கு இரண்டு லஸ்கர், அவர்களுக்கு மேல் ஒரு மேஸ்திரி. வெள்ளம் வந்த வாரம் முதல் லஸ்கர் லீவு. இரண்டாம் லஸ்கர் வீரமலை. மேஸ்திரி பெயர் தமிழ்மணி.

எழுபத்தேழு ஐப்பசிக் கடைசியில் புயலும் மழையும் சேர்ந்து வந்ததில் ஊரில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. எந்த ஆறு எந்த வாய்க்கால் என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளம். அதில் செக்கடித் தோப்பு என்ற ஒரு தெரு மட்டும் முழுகாமல் தப்பியிருக்கும் என்று எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு மற்ற தெருக்காரர்கள் எல்லாம் வானத்தைத் திட்ட, செக்கடித் தோப்புக்காரர்களுக்கு மட்டும் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தார். மதகுக்கார வீரமலை தூங்கிவிட்டான், எழுப்பியும் எழவில்லை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஒரே வாரத்தில் அது எல்லார் வாயிலும் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ரங்கநாயகிக்கு அதைச் சொன்னது அவளோடு ஐந்தாவது படித்த இர்பானா. இர்பானா வீட்டு மண்சுவர் இரண்டு பக்கமும் கரைந்து, கூரை தரையில் உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த அன்று இர்பானா திட்டவில்லை, சண்டை போடவில்லை. உங்க அத்தா தூங்கிட்டாராமே என்று மட்டும் கேட்டாள். பிறகு அந்தக் குடும்பம் பாலக்கரையில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் ‘தூங்குமூஞ்சி மவ’ என்று கூப்பிட்டபோது கல்லை எடுத்து எறியத் தெரிந்தது. அவளுடைய கோபம் பிறந்தது அங்கேதான்.

இரண்டு மாதத்தில் வீரமலைக்கு மாற்றல் வந்தது, புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஓர் ஏரிக்கு. பார்த்தாயா, தண்டனை என்றது தெரு. அவர் தனியாகப் போனார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உறையூருக்கு வந்து ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தாள். மாதம் ஒரு முறை வருகிற அப்பாவிடம் ரங்கநாயகி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். எட்டாவதோடு படிப்பு நின்று சாணைச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவரால்தான் என்று அவளுக்குத் தீர்மானமாக இருந்தது. தூங்காமல் இருந்திருந்தால் மதகு வீட்டிலேயே இருந்திருக்கலாம், பள்ளிக்கூடம் போயிருக்கலாம். கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை வீட்டில் அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, கவர்ன்மெண்ட் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். வீரமலை ரிட்டயராகி, தொண்ணூற்றெட்டில் செத்தும் போனார். அவள் அழுதாள், ஆனால் கோபத்தோடுதான் அழுதாள்.

இப்போது அந்தப் பழைய கோபத்துக்கு மேல் புதுக்கோபம் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. மறுநாள் மதியப் பந்தி முடிந்ததும் மருமகள் பானுப்ரியாவிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. என்ன பேசுவது என்று அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். அப்பா தூங்கவில்லை என்று வாதாட அவளிடம் ஒன்றும் இல்லை. பெயரை எடுங்கள், படத்தை எடுங்கள், செத்த மனுஷனைத் தெருவில் வைத்துச் சிரிக்காதீர்கள். அதுதான் அவள் கேட்கப் போவது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேட்கிற விதத்தை மாற்றுவாள்.

வரலாற்று மன்றம் என்பது வடக்கு உத்தர வீதியில் ஒரு வீட்டின் மாடி. செயலாளர் வரது, காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் காப்பு, மூக்கில் கண்ணாடி, சுற்றிலும் காகிதக் கட்டு. அவர் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு கேஷவ் என்ற இளைஞன், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, ஓய்வு நேரத்துக்கு ஊர்ச் சரித்திரம். படம் வரைந்தது அவன்தான் என்று இரண்டாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவளே அதைத்தான் முதலில் கேட்டாள்.

அவள் யாருடைய மகள் என்று சொன்னதும் கேஷவ் முகம் செத்துவிட்டது. வரது எழுந்து நின்று கை கூப்பினார். அவாளுக்கு சந்ததி இந்த ஊரிலேயே இருக்கும்னு எங்களுக்குத் தோணலையேம்மா, க்ஷமிக்கணும் என்றார். ஃபேன் போட்டார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயரை எடுங்கள் என்றதும் மெதுவாகத் தலையை ஆட்டினார். படத்தை எடுத்துவிடலாம், அது கேஷவின் அதிகப்பிரசங்கித்தனம். பெயரையும் வேண்டுமானால் எடுக்கலாம். ஆனால் நடந்தது நடந்ததுதானே, மன்றம் ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்றார்.

ஆதாரம் என்ற வார்த்தை அவளைச் சுட்டது. என்ன ஆதாரம், காட்டுங்கள் என்றாள்.

பழைய காகிதக் கடையில் கிடைத்ததாம். மதகுப் பதிவேடு, அட்டை போன நோட்டு. கேஷவ் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். தமிழ்மணி மேஸ்திரியின் கையெழுத்து, நீல மை, ஓரமெல்லாம் தண்ணீர்க் கறை. வரது விரலை வைத்துக் காட்டினார். ரங்கநாயகி குனிந்து வாசித்தாள்.

‘காலை 7.10. இரண்டாம் நம்பர் தூங்குகிறது. எவ்வளவு முயன்றும் எழுப்ப முடியவில்லை. ஆள் தேவை.’

இரண்டாம் லஸ்கர் உங்க தோப்பனார் ஒருத்தர்தானே என்றார் வரது, மிகவும் வருத்தத்தோடு.

அவள் திரும்ப வாசித்தாள். அதற்குப் பிறகு மூன்றாவது முறையும் வாசித்தாள். ஏதோ ஒன்று சரியாக இல்லை, சோற்றில் கல் கடிபடுவதுபோல ஒரு வார்த்தை பல்லில் நின்றது. அது என்னவென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அது என்னங்க ‘தூங்குகிறது’?”

வரதுக்குக் கேள்வி புரியவில்லை.

“மனுஷன் தூங்கினா தூங்குறாருன்னு எழுதுவாங்க. பிடிக்காதவனா இருந்தா தூங்குறான்னு எழுதுவாங்க. தூங்குகிறதுன்னு எழுதியிருக்கே. எங்கப்பா என்ன ஆடா, மாடா?”

பேச்சுவாக்கில் மனிதர்களையும் அது, இது என்று சொல்வதுண்டே என்றார் வரது. தவிர அந்தக் காலத்தில் கடைநிலை ஊழியர்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் அப்படி எழுதுவது வழக்கமாக இருந்திருக்கும் என்று தாங்கள் எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். எடுத்துக்கொண்டோம் என்று அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியது.

ரங்கநாயகி அதே பக்கத்தில் மேலே மேலே போனாள். நாலு வரி தள்ளி ஒன்று இருந்தது. ‘காலை 5.00. மழை வலுக்கிறது. வீரமலை காவலில் இருக்கிறார்.’ அவள் அதில் விரலை வைத்தாள்.

“அஞ்சு மணிக்கு ‘இருக்கிறார்’னு எழுதின மனுஷன் ஏழு மணிக்கு ‘தூங்குகிறது’ன்னு எழுதுவாரா? உங்க அப்பாவப் பத்தி இப்படி ஒரு நோட்டுல எழுதியிருந்தா, அது அவருதான்னு ஒரு வார்த்தையில நம்பியிருப்பீங்களா சாமி?”

வரது கண்ணாடியைக் கழற்றினார். லஸ்கர்தானே, அவனை அது என்று எழுதினால் என்ன ஆச்சரியம் என்று இரண்டு படித்தவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆச்சரியக்குறி போட வேண்டிய இடம் அதுதான், அங்கே போடவில்லை.

அந்தக் கோபத்தின் நடுவில்தான் அவளுக்கு அந்த வார்த்தை திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக அவள் வாயில் வராத வார்த்தை. மதகு வீட்டில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது வெளியே அப்பாவும் மேஸ்திரியும் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்வது கேட்கும். ஒண்ணாம் நம்பர் படுத்திருக்கு. மூணாம் நம்பர எழுப்பு. நாலு போதும், எழுப்பாத. அவர்கள் பேசியது ஆட்களைப் பற்றி இல்லை, ஷட்டர்களைப் பற்றி. நாலு கண்ணுக்கு நாலு ஷட்டர், நாலு நம்பர். கீழே முழுக்க இறக்கிவிட்டால் அது படுத்திருக்கும். மேலே ஏற்றினால் அதை எழுப்புவது. ஒரு பக்கச் சங்கிலி ஏறி மறுபக்கம் ஏறாமல் சிக்கிக்கொண்டு, கதவு கோணலாக அந்தரத்தில் நின்றால், அது தூங்குகிறது. தண்ணீர் போக வழியில்லாமல் கரை ஏறும்.

இதை அவள் சொன்னபோது கேஷவ் விழித்தான். தூங்குறதுன்னா எப்படி என்றான். அவளுக்குப் பொறுமை போயிற்று.

“தூங்கணாங்குருவின்னா தூங்குற குருவியாப்பா? கூடு கட்டித் தொங்கவிடுற குருவி. தூங்குதுன்னா தொங்குதுன்னு அர்த்தம்.”

வரது கண்களை மூடிக்கொண்டார். இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தூங்குதல் என்றால் தொங்குதல் என்பது பழைய தமிழ், அவர் எத்தனையோ பாட்டில் படித்திருப்பார். பாட்டில் வந்தால் அர்த்தம் தெரிகிறது, மேஸ்திரி நோட்டில் வந்தால் தெரியவில்லை. மகாபாவம் பண்ணிட்டோம் என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டது ரங்கநாயகிக்குக் கேட்டது.

கேஷவ் இப்போது நோட்டைத் தன் பக்கம் இழுத்து அடுத்த வரியை உரக்கப் படித்தான். ‘காலை 7.30. செக்கடித் தோப்புக்குப் போய் இரண்டாம் நம்பர் தூங்குகிறது, எழுப்ப ஆள் வாருங்கள் என்று கூப்பிட்டேன். சிரித்தார்கள். ஒருவரும் வரவில்லை.’

அவ்வளவுதான் விஷயம். தமிழ்மணி மேஸ்திரி மழையில் வீடு வீடாக ஓடி, ஷட்டர் சிக்கிக்கொண்டது, தூக்க ஆள் வாருங்கள் என்று மதகுப் பாஷையில் கத்தியிருக்கிறார். தெரு அதைத் தன் பாஷையில் கேட்டது. லஸ்கர் தூங்குகிறானாம், அவனை எழுப்புவதற்கு நாம் போக வேண்டுமாம். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு தண்ணீர் வந்து அதே கதவைத் தள்ளியபோது, சிரித்த வாயாலேயே பழியும் போட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பொதுப்பணித் துறையில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும், அதனால்தான் வீரமலைக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை, எல்லா லஸ்கருக்கும் வருகிற மாற்றல்தான் வந்தது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்காததை அவர்கள் தெருவுக்கு வந்து சொல்லவும் இல்லை.

ரங்கநாயகிக்குச் செக்கடித் தோப்பில் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த வீடுகளே இப்போது இல்லை, எல்லாம் அபார்ட்மெண்ட். யாரைப் போய்க் கேட்பது? கோபத்துக்கு ஆள் கிடைக்காமல் அது அவளுக்குள்ளேயே சுற்றியது. சுற்றிச் சுற்றி அது கடைசியில் ஓர் இடத்தில் போய் முட்டியது.

தொண்ணூற்றிரண்டு. மெஸ் தொடங்கின புதிது. அப்பா ரிட்டயராகி ஒரு பையோடு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட வந்த யாரிடமோ தான் லஸ்கர் வேலை பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆள் போனதும் இவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெருமையை இங்கே வந்து பேசாதே, நீ தூங்காமல் இருந்திருந்தால் நான் ஏன் இந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டாள். கேட்டது ஒரு தடவைதான், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டாள். வீரமலை நிமிர்ந்து பார்த்தார். நான் எங்கம்மா தூங்கினேன், ரெண்டாம் நம்பர்தானே தூங்குச்சு என்றார். இவள் அவரை முறைத்தாள். செய்ததையும் செய்துவிட்டுக் கிண்டல் வேறு என்று நினைத்தாள். இரண்டாம் நம்பர் யார், இவர்தானே? அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மதகுப் பாஷையில்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பாஷையில் பத்து வயதுவரை வளர்ந்தவள்தான் கேட்டுக்கொண்டு நின்றாள். தூங்குச்சு என்றார், தூங்கினேன் என்று சொல்லவில்லை. படித்த இரண்டு பேருக்குச் சற்றுமுன் அவள் சொல்லிக் கொடுத்த இலக்கணம், அன்றைக்கு அவள் காதில் ஏறவில்லை. அவளும் அப்பாவை அது என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவர்களாவது முன்பின் தெரியாதவர்கள்.

வரது கொடுத்த தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

வரது அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போர்டை நாளைக்கே கழற்றிவிடுவோம், புதுசாக எழுதி வைப்போம், பத்திரிகைக்கும் ஒரு செய்தி அனுப்புவோம் என்றார். அந்தப் பதினேழாவது தகவலை எடுத்துவிடலாமா, இல்லை திருத்தி எழுதலாமா, உங்கள் இஷ்டம்தான் அம்மா என்றார். எடுக்கக் கூடாது, திருத்தித்தான் எழுத வேண்டும் என்றாள் ரங்கநாயகி. நாற்பத்தெட்டு வருஷம் ஊர் படித்ததை ஊரே மாற்றிப் படிக்கட்டும். பெயரும் இருக்க வேண்டும். வீரமலை என்று முழுசாக, இருக்கிறார் என்று மரியாதையோடு.

கேஷவ் உடனே கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தான். பையன் கெட்டவன் இல்லை. ‘வெள்ளத்தின்போது இரண்டாம் எண் ஷட்டர் சிக்கித் தொங்கியது. பணியிலிருந்த லஸ்கர் வீரமலை’ என்றுவரை வந்து நின்றான். பதிவேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அங்கே ஒன்றும் இல்லை, தண்ணீர் பட்டு மை முழுக்கக் கலைந்து தாள் நீலமாக இருந்தது.

“இதுக்கப்புறம் நோட்டுல இல்லைங்க. ஆள் வராததுக்கு அப்புறம் உங்க அப்பா என்ன பண்ணாரு? தனியா ஷட்டர ஏத்தப் பாத்தாரா, தண்ணிக்குள்ள இறங்கினாரா? நீங்க சொன்னீங்கன்னா அப்படியே போட்டுடுறேன்.”

ரங்கநாயகிக்குத் தெரியாது. அன்றைக்கு அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியும் முன்பே மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். வந்தபோது எப்படி இருந்தார், கையில் காயம் இருந்ததா, என்ன சொன்னார், எதுவும் அவளுக்கு நினைவில்லை. பிறகு இருபத்தொரு வருஷம் அவர் உயிரோடு இருந்தார். மாதம் ஒரு முறை வந்தார். கடைசி ஆறு வருஷம் அவள் வீட்டிலேயே, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

மேஸ்திரி செத்து எவ்வளவோ காலமாயிற்று. அம்மாவும் இல்லை. இனிமேல் கேட்பதற்கு இந்த உலகத்தில் ஆள் இல்லை.

வரது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போ வேண்டாம்மா, யோசித்து அப்புறம் சொல்லுங்கோ, அவர் அயராமல் பாடுபட்டார் என்று பொதுவாகப் போட்டுவிடலாம் என்றார்.

“வேணாங்க. தெரியாதத எழுதித்தான் இந்த நிலைமை.” அவள் கோபம் குறையவில்லை. “பணியிலிருந்த லஸ்கர் வீரமலை தூங்கலன்னு போடுங்க. அவரு என்ன செஞ்சாருன்னு தெரியலன்னு போடுங்க. அவரு பொண்ணு ரங்கநாயகி அவரக் கேக்கவே இல்லன்னு போடுங்க.”

கேஷவ் அடிக்கவில்லை. விரல்களை எழுத்துக்களுக்கு மேல் வைத்துக்கொண்டு வரதுவைப் பார்த்தான். வரது ஜன்னலைப் பார்த்தார்.

“எழுதுங்க தம்பி” என்று அதட்டினாள் ரங்கநாயகி. “பேரு போட்டு எழுதுங்க.”